காகம் வராத சனிக்கிழமை

என் மகள் பிள்ளை பெற்றபோது அவளுக்குப் பத்தியம் சமைத்துப் போட்டது நான்தான். தகப்பன் பத்தியம் சமைக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டு, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் தெருவிலுள்ள தமிழ்ச் சனம் ஒருமுறை சிரித்து ஓய்ந்தது. சிரிக்கட்டும். அவளுடைய தாய் இரண்டு வருடத்துக்கு முந்திக் காலமாகிவிட்டா. மாமியார் ஊரில், விசா கிடைக்கவில்லை. வேறு யார் போவது?

மகளும் மருமகனும் கனடாவின் மேற்குப் பக்கம் சஸ்காச்சுவானில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். மருமகனுக்கு அந்த ஊரின் ஒரே மருந்துக்கடையில் பாமசிஸ்ட் வேலை. ஒரு நீளத் தெரு, ஒரு தபாற்கந்தோர், ஒரு தேவாலயம், தானியம் கொட்டி வைக்கிற உயரமான இரும்புக் கோபுரங்கள், அதற்கு அப்பால் வானம் வரைக்கும் கோதுமை வயல். ஊர் அவ்வளவுதான். தமிழ்க்கடைக்குப் போவதென்றால் காரில் பாதி நாள் போய்விடும்.

அதனால் எல்லாவற்றையும் ரொறன்ரோவிலிருந்தே கட்டிக்கொண்டு போனேன். மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, உள்ளி, நல்லெண்ணெய், குத்தரிசி, முருகன் படம் ஒன்று. படத்தை மனைவியின் பழைய சேலையில் சுற்றி உடுப்புக்கு நடுவில் வைத்தேன். எல்லாவற்றையும் விட முக்கியமான சாமான் ஒரு கொப்பி. அஜக்ஸில் இருக்கிற என் அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அக்கா மூன்று பிள்ளை பெற்றவ, பலருக்குப் பத்தியம் பார்த்தவ. நான் ரெக்ஸ்டேலில் பிளாஸ்டிக் பக்ரறியில் மெஷின் ஓட்டினவன். எனக்கு எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்யத் தெரியும். அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினேன், ஒரு சொல் விடாமல் செய்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது என்று இப்போது தெரிகிறது.

கொப்பியில் என்ன இருந்தது? மல்லியும் மிளகும் அரைத்த சரக்குக் கறி தினம் வைக்க வேண்டும். உருளைக்கிழங்கு வாயு. போஞ்சி, கோவா, தக்காளி, கரட், பீற்றூட் கூடாது. தயிரும் பழமும் குளிர். பச்சைத் தண்ணீர் பக்கத்திலும் போகக்கூடாது, கொதித்து ஆறின தண்ணீர் சாப்பாட்டோடு அரைக் கப். கூடக் குடித்தால் வயிறு வைக்கும், பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கும். இது நாற்பத்தொரு நாளைக்கு.

பேரன் பிறந்தான். முப்பத்தொரு நாள் கழிந்து, பிள்ளை பெற்ற வீட்டுத் துடக்குப் போக்கி வீடு கழுவி, முருகன் படத்துக்கு விளக்கேற்றத் தொடங்கினேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிள்ளையின் நிறைதான் ஏறவில்லை.

அந்த ஊரில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கிளினிக்குக்கு ஒரு நேர்ஸ் வந்து பிள்ளைகளை நிறுப்பா. மூன்று திங்களாக அவவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. மூன்றாம் முறை, தாய்க்குப் பால் போதவில்லை போலிருக்கிறது என்றா. அடுத்த திங்களும் ஏறாவிட்டால் பெரிய டவுனில் டாக்டரிடம் காட்ட வேண்டும், போத்தல் பாலும் தொடங்க வேண்டும் என்றா. பிறகு மகளைப் பார்த்து, நன்றாகச் சாப்பிடுகிறீரா, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர் என்று கேட்டா. நன்றாகச் சாப்பிடுகிறேன், நிறையக் குடிக்கிறேன் என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

திரும்பி வரும்போது காருக்குள் அவள் அழுதாள். அடக்கிக்கொண்டு மூக்கால் அழுகிற அழுகை. தாயும் அப்படித்தான் அழுவா.

"எல்லாருக்கும் ஏலும், எனக்கு மட்டும் ஏலாதா அப்பா?" என்றாள்.

போத்தல் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள் ஆயிரம் இருக்கிறார்கள், அதில் ஒரு குறையுமில்லை. ஆனால் அவள் அதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொண்டாள். தாய் இல்லாமல் தாயாகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அன்றிரவு முருகனிடம் கேட்டேன். அடுத்த திங்களுக்குள் என் பிள்ளைக்குப் பால் சுரக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

கீரை கொடுத்தால் பால் சுரக்கும் என்று கொப்பியில் இருந்தது. ஆனால் முருங்கையிலைக்கு அங்கே எங்கே போவது? ஊர்க் கடையில் லெட்டஸ் என்று ஒரு பச்சைத் தண்ணீர் உருண்டை இருந்தது. அந்தக் கிழமை பசளிகூட வரவில்லை.

இங்கே வீட்டுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது எழுபதுக்கு மேல். வாழ்நாள் முழுக்க வயலில் வேலை செய்து, புருஷன் போன பிறகு வயலை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்குள் வந்தவ. மகள் குடும்பம் இருக்கிற வீடும் அவவுடையதுதான், அவ பக்கத்து வீட்டில். இரண்டு வீட்டுக்கும் பின்னால் வேலியில்லாமல் ஒரே தோட்டம். அந்தத் தோட்டத்தைப் பார்த்தால் வயிறு நிறையும். உருளைக்கிழங்கு, கரட், பீற்றூட், தக்காளி, போஞ்சி. காலை எழும்பிக் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பை இருக்கும். தட்டி, நன்றி வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் அவவுக்கு இல்லை. நான் அந்தப் பைகளைக் கொண்டுவந்து பிரிட்ஜுக்குள் அடுக்குவேன். அதில் ஒன்றைக்கூட மகளுக்குக் கொடுக்க முடியாது. எல்லாம் கொப்பியில் கூடாது என்று எழுதியவை. நானும் மருமகனும் சாப்பிட்டோம். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கார அம்மா ஒரு தள்ளுவண்டி நிறையப் பழைய கட்டில் விரிப்புகளோடு தோட்டத்துக்கு வந்தா. இரவைக்கு உறைபனி விழப்போகிறது என்றா. நானும் கூடப் போய்ப் பிடித்தேன். தக்காளிக்கும் பீற்றூட்டுக்கும் பிள்ளைகளைப் போர்த்துவது போலப் போர்த்தினோம். போகும்போது, போர்த்தாததெல்லாம் நாளைக்குக் கறுத்துப்போகும், வேண்டியதை இப்பவே பறித்துக்கொள் என்று கையால் தோட்டம் முழுவதையும் காட்டினா.

அப்போதுதான் அந்த மூலையில் அதைக் கண்டேன். அதுவரை கண்டும் காணாமல் விட்டதுதான். சேம்பிலை அகலத்தில் பச்சைப்பசேலென்ற இலை, விரல் மொத்தத்தில் சிவந்த தண்டு. எங்கள் தண்டங்கீரையை நாலு மடங்காக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. மூன்று கிழமையாகக் கீரைக்கு அலைகிறேன், முருகன் பின்வளவிலேயே வளர்த்து வைத்திருக்கிறான். கண் கலங்கிவிட்டது. வெளிச்சம் போவதற்குள் ஒரு கூடை நிறைய வெட்டினேன். தண்டு நாராக இருந்தது, புளி மணமும் அடித்தது. அதை நறுக்கிப் பின்படியடியில் கிடந்த வாளிக்குள் எறிந்துவிட்டு, இலையை மட்டும் மஞ்சள் தண்ணீரில் கழுவி வைத்தேன்.

அடுத்த நாள் புரட்டாதிச் சனி. மனைவி இருந்த காலத்தில் இருந்தே நான் சனி விரதம் விட்டதில்லை. காலையில் முழுகி விளக்கேற்றி, சோறும் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்து, அந்த இலையைத் தும்பு தும்பாக அரிந்து, கொண்டுபோன உறைந்த தேங்காய்ப்பூவும் மிளகும் போட்டு வறை வறுத்தேன். விரத நாளில் நாங்கள் உப்புப் பார்ப்பதில்லை. படைக்கிறதை வாயில் வைக்கக்கூடாது. அதனால் அது என்ன ருசி என்று எனக்குத் தெரியாது. பார்க்க நல்ல வடிவாக வந்திருந்தது.

படைத்து முடிய, ஒரு கடதாசித் தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்து, எள்ளும் தூவி, பின்வளவில் ஒரு மரக்குற்றியின் மேல் வைத்தேன். சனி விரதத்துக்குக் காகத்துக்கு வைத்து, காகம் வாய் வைத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. போன சனி வைத்துத் திரும்புவதற்குள் மூன்று காகம் வந்து சண்டை பிடித்தன. இந்தச் சனி ஒன்றையும் காணவில்லை.

கா, கா என்று கூப்பிட்டேன். கையைத் தட்டினேன். வானத்தில் ஒன்றுமில்லை. கறுப்பும் வெள்ளையுமாக நீள வாலோடு ஒரு பறவை வந்து குற்றியைச் சுற்றி நடந்தது. அதைத் துரத்தினேன். அது காகம் இல்லையே.

மகள் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பேரன் தோளில் கிடந்தான்.

"அப்பா, காகம் வராட்டி என்ன செய்யிறது?"

"வரும் பிள்ளை. கொஞ்சம் பொறு. உனக்கெண்டுதான் கீரை வறுத்தனான்."

அவள் கதவைச் சாத்தினாள். நான் மறுபடியும் கூப்பிடத் தொடங்கினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் குற்றியைத் தாண்டி நகர்ந்துவிட்டது.

விரிப்புகளை எடுத்துப் போக வீட்டுக்கார அம்மா வந்தா. ஒரு கிழவன் தனியே நின்று வானத்தைப் பார்த்துக் கத்துவதைக் கண்டு, சுகமில்லையோ என்று கேட்டா. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் காகத்துக்குக் காத்திருக்கிறேன் என்றேன். அவவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பகிடி பண்ணவில்லை. அறுவடை முடிந்து குளிர் தொடங்க காகங்கள் தெற்குப் பக்கம் போய்விடும், இனி வசந்தத்துக்குத்தான் வரும் என்றா. ரொறன்ரோவில் குளிர்காலத்திலும் காகம் நிற்கும். இப்படி ஒரு ஊர் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு தட்டைப் பார்த்து, இந்தப் பச்சை என்ன என்று கேட்டா. உங்கள் தோட்டத்துக் கீரைதான், பிள்ளை பெற்ற மகளுக்காக வறுத்தது என்று பெருமையாகச் சொல்லி, அந்த மூலையைக் காட்டினேன். வாளியில் கிடந்த சிவப்புத் தண்டுகளையும் காட்டினேன்.

அவவின் கையிலிருந்த விரிப்பு கீழே விழுந்தது. அது ருபாப், இலை நஞ்சு, தண்டைத்தான் சாப்பிடுவது என்றா. ஆர் சாப்பிட்டது, ஆர் சாப்பிட்டது என்று என் தோளைப் பிடித்து உலுப்பினா.

"ஒருத்தரும் இன்னும் சாப்பிடேல்லை," என்றேன். "காகம் வரேல்லை."

தமிழில் சொன்னேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அவ அதற்குள் பின்படி ஏறிவிட்டா. நான் பின்னால் ஓடினேன்.

குசினிக்குள் மகள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கையால் பிள்ளையைத் தோளில் அணைத்தபடி, மற்றக் கையைச் சோற்றுப் பானைக்குள் விட்டு அள்ளி அள்ளி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் பைப் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. வறைச் சட்டி பக்கத்தில்தான் இருந்தது. நான் கத்தினேன்.

"கீரை தொட்டனியா? சொல்லு, கீரை தொட்டனியா?"

அவள் திரும்பினாள். கன்னம் நிறையச் சோறு. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வெறும் சோறுதான் அப்பா. காகத்துக்கு முன்னம் சாப்பிட்டிட்டன். கோவிக்காதேங்கோ. எனக்குச் சரியாப் பசிச்சுது."

நான் எதற்கு ஓடிவந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. காகத்துக்கு முந்திச் சாப்பிட்டதற்கு அடிக்க வந்தேன் என்று நினைத்துவிட்டாள். முப்பத்தொரு வயதுப் பிள்ளை, தன் வீட்டில், தன் குசினியில், தகப்பனுக்குப் பயந்து பானைக்குள் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கார அம்மா வறைச் சட்டியை அப்படியே தூக்கி வெளியே குப்பைக்குள் கவிழ்த்தா. வெளியில் வைத்த தட்டையும் எடுத்தா. பிறகு மகளைக் கதிரையில் இருத்தி, பிள்ளையைத் தன் கையில் வாங்கி, மெதுவாகக் கேட்டா. இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்? நேற்று என்ன சாப்பிட்டாய்? என்ன குடித்தாய்? மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் வாசற்படியில் இருந்து கேட்டேன். இன்றைக்கு இந்தச் சோறுதான். நேற்றுக் காலையில் பாதித் தட்டுச் சோறு, ஒரு கரண்டி சரக்குக் கறி, அரைக் கப் தண்ணீர். மத்தியானம் அதே. இரவுக்கு அதே. குளிக்கப் போகும்போது ஷவரில் வாயைத் திறந்து தண்ணீர் குடிக்கிறாளாம். அதைச் சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

நேர்ஸ் கேட்டபோது ஏன் பொய் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே தமிழில் சொன்னாள்.

"அம்மா இல்லையெண்டு நீங்கள் இவ்வளவு தூரம் வந்து அடுப்படியில நிக்கிறீங்கள். எப்பிடி அப்பா நான் வேண்டாம் எண்டு சொல்லுறது?"

நான் எழும்பிப் போய் ஒரு பெரிய கிளாசில் பைப் தண்ணீர் பிடித்தேன். கிளாஸ் வெளியே வேர்த்தது, அவ்வளவு குளிர். அவள் முன்னால் வைத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று பிடித்தேன். அதையும் குடித்தாள். மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். என் பிள்ளைக்கு அவ்வளவு தாகம் என்று நாற்பது நாளாக எனக்குத் தெரியாது.

வீட்டுக்கார அம்மா தோட்டத்துக்குப் போய் விரிப்புக்குக் கீழே இருந்த பீற்றூட்டை இலையோடு பிடுங்கி வந்தா. கீரை வேண்டுமென்றால் இதைச் சமை, எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளையும் இது தின்றுதான் வளர்ந்தது என்றா. பிரிட்ஜைத் திறந்து, தான் கொடுத்த பைகள் அடுக்கடுக்காக இருந்ததைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றா. உருளைக்கிழங்குப் பையை மட்டும் எடுத்து என் கையில் வைத்தா.

அன்று பத்தியம் முறிந்தது. உருளைக்கிழங்கு அவித்து வெண்ணெய் போட்டுக் கொடுத்தேன். பீற்றூட் இலையில் வறை. தயிர். ஒரு தக்காளியை நறுக்கி வைத்தேன். மகள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். நான் விரதம் முடித்தேனா என்றால், முடித்தேன். காகம் வராத ஊரில் யாருக்கு வைப்பது என்று யோசித்து, அந்த நீள வால் பறவைக்கே ஒரு பிடி சோறு வைத்தேன். காலையில் துரத்தினதற்குக் கோபமில்லாமல் வந்து தின்றது.

பின்னேரம் மருமகன் மருந்துக்கடையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். நல்ல பிள்ளை. தன் கையால் கிளாசில் தண்ணீர் பிடித்து மகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் உடுப்பு மாற்றப் போனார்.

பிறகு அஜக்ஸுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அக்காவுக்கு முதலில் சிரிப்பு, பிறகு கோபம்.

"கொப்பியில நான் உந்த இலையைச் சமை எண்டு எழுதச் சொன்னனானோடா தம்பி?"

"இல்லை அக்கா. தண்ணி அரைக் கப் எண்டு சொன்னனீங்கள்."

மறுபக்கத்தில் தொலைக்காட்சி மட்டும் கேட்டது. அதைக் குறைத்துவிட்டுச் சொன்னா.

"எனக்கும் உப்பிடித்தான் அளந்து தந்தவை. நான் மூண்டு பிள்ளைக்கும் கிணத்தடியில களவாக் குடிச்சனான்."

"பின்னை ஏன் அதைச் சொல்லேல்லை?"

"உதை ஆரடா கொப்பியில எழுதுறது?"

அக்கா தானாகவே, பிள்ளைக்குத் தண்ணி நல்லாக் குடிக்கக் கொடு, நான் சொன்னனான் எண்டு சொல்லு என்று சொல்லிப் போனை வைத்தா.

அடுத்த நாள் வாசலில் பை இல்லை. ஒரு பலகாரத் தட்டு இருந்தது. நான் வாளிக்குள் எறிந்த தண்டுகளை அந்த அம்மா எடுத்துப் போய், கழுவி, சீனி போட்டு மாவுக்குள் வைத்து வேகவைத்திருக்கிறா. நெல்லிக்காய் போலப் புளித்து இனித்தது. மகள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். அப்பா தின்னக்கூடாததைச் சமைத்து, தின்னக் கூடியதை எறிந்தவர் என்று மருமகனிடம் சொன்னாள். நாற்பது நாளில் அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

இப்போது நான் வெக்ஸ்போர்ட்டில் இருந்து இதை எழுதுகிறேன். கோயிலில் இதைச் சொன்னால் சிலர், காகம் வராதது சனீஸ்வரன் செயல் என்கிறார்கள். நானும் அப்படித்தான் கும்பிடுகிறேன். மகளைக் கேட்டால் குளிர் வந்தது, காகம் போனது என்பாள். ஆனால் சனீஸ்வரன் காப்பாற்றியது எதிலிருந்து என்று கேட்டால், நான் ருபாப் இலையிலிருந்து மட்டும் என்று சொல்ல மாட்டேன்.

அந்தச் சனிக்குப் பிறகு வந்த திங்களன்று கிளினிக்குக்குப் போனோம். இரண்டு நாளில் என்ன ஏறும்? கொஞ்சம் ஏறியிருந்தது, போதாது. மகள் இந்தமுறை எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னாள், தண்ணீர் கதையையும் சேர்த்து. நேர்ஸ் என்னைப் பார்த்தா. நான் தலையைக் குனிந்தேன். இன்னும் ஒரு கிழமை பார்ப்போம், தாய் சாப்பிடட்டும், குடிக்கட்டும் என்றா. அந்தக் கிழமை நான் செய்த வேலை ஒன்றுதான். என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டேன். கேட்டதைச் சமைத்தேன்.

அடுத்த திங்கள் பேரனை உடுப்புக் கழற்றித் தராசில் கிடத்தினார்கள். குளிர் பட்டு வீரிட்டு அழுதான். நேர்ஸ் எண்ணைப் பார்த்தா, இன்னொரு முறை கிடத்தி நிறுத்துப் பார்த்தா. பிறகு போத்தல் வேண்டாம், டாக்டரும் வேண்டாம் என்றா. மகள் பிள்ளையைத் தூக்கித் துணியில் சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்து, அங்கேயே பால் கொடுக்கத் தொடங்கினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் கையை நீட்டி, "அப்பா, தண்ணி" என்றாள்.

தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.